பள்ளிக்கூட வாசல் சாலை: பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலையில் மணி அடிப்பதற்கு முந்தைய கால் மணி நேரமும், மாலையில் பள்ளி விட்டதும் வரும் கால் மணி நேரமும்தான் நம் வாசல் சாலையில் ஆபத்து மிகுந்தவை. அப்போது அங்கே நிற்கும், ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை நம்முடையவை. ஆகவே மாற்றத்தை நாமே தொடங்கலாம்.

முதலில் வேகம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார், உலர்ந்த சாலையில், ஓட்டுபவர் குழந்தையைப் பார்த்த இடத்திலிருந்து சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டரில் வந்தால், கால் பிரேக்குக்குப் போகும் அந்த ஒரு விநாடியிலேயே கார் 14 மீட்டர் ஓடிவிடும். முதல் கார் நின்ற இடத்தை இரண்டாவது கார் துளியும் வேகம் குறையாமல் தாண்டுகிறது. மோதினால் அதன் ஆற்றலும் ஏறக்குறைய மூன்று மடங்கு. நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வரம்பாக இருக்க வேண்டும் என்று சாலைப் பாதுகாப்பு குறித்த உலக அமைச்சர்கள் மாநாட்டில் வெளியான 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் கேட்டுக்கொண்டதும் இதனால்தான். பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பள்ளியை நெருங்கும்போது 30-ஐத் தாண்டாதீர்கள்.

அடுத்தது வண்டி நிறுத்தும் இடம். சாலையைக் கடப்பதற்கான வெள்ளைக் கோடுகளை (ஜீப்ரா கிராஸிங்) ஒட்டி நிற்கும் கார், சிறு பிள்ளையை முழுதாக மறைத்துவிடும். சாலையைப் பார்க்க வேண்டுமானால் பிள்ளை காரைத் தாண்டித் தலையை நீட்ட வேண்டும். வருகிற ஓட்டுநருக்கும் அப்போதுதான் பிள்ளை தெரியும். கோட்டுக்கு இருபுறமும் குறைந்தது 10 மீட்டர் காலியாக விடுங்கள். "ஒரு நிமிஷம்தானே" என்று நிறுத்தும் வண்டியும் மறைக்கத்தான் செய்யும். 200, 300 மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு நடந்து வருவதே நல்லது. வாசலருகே ரிவர்ஸ் எடுக்கவே வேண்டாம். பிள்ளையை நடைபாதைப் பக்கக் கதவு வழியாக மட்டும் இறக்குங்கள்.

ஒரு பழக்கத்தை இன்றே விட்டுவிடும்படி மன்றாடிக் கேட்கிறேன்: எதிர்ப்புறம் நின்றுகொண்டு பிள்ளையைக் கைகாட்டிக் கூப்பிடாதீர்கள். அம்மா முகத்தைப் பார்த்த பிள்ளை சாலையைப் பார்க்காது. நீங்களே கடந்து வந்து, கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். நிற்கும் வண்டிகளுக்கு நடுவே கடந்தே ஆக வேண்டுமென்றால் ஓரத்தில் ஒருமுறை நின்று, வண்டியின் வெளி விளிம்பில் மறுபடி நின்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

சைக்கிளில் வரும் பிள்ளையின் ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் இருக்க வேண்டும். வாரைப் பூட்டாவிட்டால் விழும்போது கழன்றுவிடும்.

அழிந்த கோடு, எரியாத விளக்கு, பலகையை மறைக்கும் கிளை ஆகியவற்றுக்கு நகர நிர்வாகத்திடம்தான் போக வேண்டும். "சாலை மோசம்" என்று பொதுவாக எழுதினால் யார் போய் எதைச் சரிசெய்வது என்று தெரியாமல் மனு கிடப்பில் போய்விடும். இடம், விளக்குக் கம்பத்தின் எண், நாள், நேரம், பிள்ளையின் கண் உயரத்தில், அதாவது சுமார் ஒரு மீட்டரில், எடுத்த படம் இவற்றோடு ஒரு மனுவுக்கு ஒரே கோரிக்கையை வையுங்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் எழுதுங்கள். அடிபடாததால் அவை வேறெந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இத்தகைய குறிப்புகளை வகுப்பாசிரியரிடம் கொடுத்தால், அவற்றைத் தொகுத்துப் பள்ளியின் பெயரிலும் மனு அனுப்புவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்