லினக்ஸும் ஆக்‌ஷன் கேம்களும்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-ஐ விட்டு எங்கே போகலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அலுவலக வேலை, பாட்டு, படம் எல்லாவற்றுக்கும், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளும் லினக்ஸ் இயங்குதளம் போதும் என்று தாராளமாகச் சொன்ன கட்டுரையாளர், கேம் விளையாடுபவர்களுக்கு மட்டும் அது சரிப்படாது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார். 2015-ல் எழுதியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். இன்றைக்கு அந்த வரி பாதிதான் சரி. அந்தப் பாதிக்கும் காரணம் வேறு.

கம்ப்யூட்டர் கேம்களில் பெரும்பாலானவை விண்டோஸில் கிராபிக்ஸ் வரைந்து தரும் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டியை நம்பி எழுதப்பட்டவை. விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் வைன் 1993-லிருந்தே இருக்கிறது. ஆனால் முப்பரிமாண கேம் என்று வந்தால் அது வெகுகாலம் திணறியது. 2016-ல், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும் வல்கன் என்ற கிராபிக்ஸ் முறை வந்ததும் நிலைமை மாறியது. ஃபிலிப் ரெபோலே என்பவருக்கு நியர் ஆட்டோமேட்டா என்ற கேமை லினக்ஸில் விளையாட ஆசை. அதற்காக டைரக்ட்3டி கட்டளைகளை வல்கனுக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே-யை எழுதத் தொடங்கினார். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் அதையும் வைனையும் சேர்த்து 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில் ஸ்டீமுக்குள்ளேயே வைத்தது. டைரக்ட்3டி 12-க்கு விகேடி3டி என்று தனியாக ஒன்று இருக்கிறது. விளையாடுபவருக்கு இதெல்லாம் தெரியவே வேண்டாம், இன்ஸ்டால் பட்டனை அழுத்தினால் போதும்.

2022 பிப்ரவரியில் வந்த வால்வின் ஸ்டீம் டெக் முழுக்க லினக்ஸில் ஓடும் கையடக்க கேம் கருவி. அதே மாதம் எல்டன் ரிங் என்ற கேம் வெளியானது. விண்டோஸில் அது நடுநடுவே தடுமாறியதைப் பலரும் குறை சொன்னார்கள். வால்வின் ஆட்கள் புரோட்டான் பக்கத்திலேயே அந்தத் தடுமாற்றத்தைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். டூம் எட்டர்னல் வல்கனிலேயே எழுதப்பட்டது. அதற்குக் கிராபிக்ஸ் மொழிபெயர்ப்பே தேவையில்லை. தனியாக விளையாடும் ஆக்‌ஷன் கேம்களைப் பொறுத்தவரை, இது ஓடுமா என்று கவலைப்பட வேண்டிய காலம் போய்விட்டது என்றே சொல்வேன்.

சரி, மாட்டிக்கொள்வது எங்கே? ஆன்லைன் போட்டி கேம்களில். வேலரன்ட் கேமின் வேன்கார்ட் விண்டோஸின் உள்மையமான கெர்னலுக்குள் போய் உட்காரும் ஆன்டி-சீட், அதாவது ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் புரோகிராம். அப்படிப்பட்ட டிரைவரை வைனால் ஓட்ட முடியாது. இது உண்மையான தொழில்நுட்பத் தடை, ஒத்துக்கொள்கிறேன். (கேம் ஆட வந்தவர் பீரோ சாவியைக் கேட்பது போல இது எனக்குப் படுகிறது, அது வேறு விஷயம்.) ஆனால் ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற வேறு இரண்டு ஆன்டி-சீட்களும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன. அனுமதிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது கேமை எழுதிய நிறுவனம்தான். எல்டன் ரிங்கில் ஈஸி ஆன்டி-சீட் இருக்கிறது, லினக்ஸில் ஆன்லைனும் ஆடலாம். அதே ஈஸி ஆன்டி-சீட் உள்ள ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஏமாற்றுக்காரர்கள் அந்த வழியாக வருகிறார்கள் என்று சொல்லி 2024-ல் கதவைச் சாத்திவிட்டார்கள். அதே வருடம் ஜிடிஏ ஆன்லைனில் பேட்டில்ஐ சேர்த்தார்கள், லினக்ஸுக்கு அனுமதி தரவில்லை, லினக்ஸ்காரர்கள் ஒரே அப்டேட்டில் வெளியே. கதைப் பகுதி மட்டும் எப்போதும்போல ஓடுகிறது. இவற்றில் லினக்ஸின் குறை என்று எதைக் காட்டுவது?

பழைய கேம்களைப் பற்றிக் கட்டுரை வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம். விண்டோஸ் 95 காலத்து கேம்கள் பலவற்றில் கேம் 32 பிட்டாக இருக்கும், இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட். இன்றைய 64 பிட் விண்டோஸ் அந்த மாதிரி இன்ஸ்டாலரைப் பொதுவாக ஓட்டாது. லினக்ஸில் வைன் அதை ஓட்டிவிடும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கேம்களுக்கு டாஸ்பாக்ஸ், காசு போட்டு ஆடும் ஆர்கேட் கேம்களுக்கு மேம், டிவியில் மாட்டி ஆடிய பழைய கன்சோல்களுக்கு ரெட்ரோஆர்க் என்று லினக்ஸில் புரோகிராம்கள் உண்டு. 1993-ல் வந்த டூமின் மூலநிரலை அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் 1997 டிசம்பரில் வெளியிட்டது. அன்று கொடுத்தது லினக்ஸ் பதிப்பின் நிரலைத்தான். டாஸ் பதிப்பின் ஒலி லைப்ரரி (கேம் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) வேறொருவருடையது, அதைக் கொடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை! பின்னால் அவர்களுடைய குவேக் கேம் வரிசையின் நிரலும் அப்படியே வெளியானது. நிரல்தான் இலவசம், படங்களும் மேப்புகளும் வேண்டுமென்றால் கேமை வாங்க வேண்டும், அல்லது அவற்றுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீடூம் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், நிரலை யாரும் பார்த்து மாற்றலாம் என்று முழுக்கத் திறமூலமாக உள்ள ஸோனோடிக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பாருங்கள், விரல் வலிக்கும்.

லினக்ஸுக்கென்றே எழுதப்பட்ட பழைய கேம்கள்தான் இப்போது அதிகம் படுத்துகின்றன என்பது இதில் வேடிக்கை. 1998-ல் தொடங்கி 2002-ல் மூடப்பட்ட லோகி சாஃப்ட்வேர் குவேக் 3, ஹெரடிக் 2 போன்றவற்றை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. அன்றைய லைப்ரரிகள் மாறிவிட்டதால் அந்தப் பதிப்புகளை ஓட்டுவது பெரும்பாடு. அதே கேமின் விண்டோஸ் பதிப்பு வைனில் சட்டென்று திறக்கும். ஆனால் லோகியில் வளர்ந்த, திரை, ஒலி, கீபோர்டு ஆகியவற்றைக் கையாளும் எஸ்டிஎல் லைப்ரரி இன்றும் எத்தனையோ கேம்களுக்குள் இருக்கிறது.

எல்லாம் தேன் என்று சொல்ல வரவில்லை. 2022 இறுதியில் வந்த டிஎக்ஸ்விகே 2.0-லிருந்து வல்கன் 1.3 கட்டாயம். என்விடியாவின் கெப்லர் வரிசை போன்ற பழைய கிராபிக்ஸ் கார்டுகளில் அது கிடையாது. பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டால் புது கேம் பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதில் டூமும் குவேக்கும் ஆடலாம், குறையிருக்காது.

ஒரு வேண்டுகோள். உங்கள் கேம் விமர்சனங்களோடு ராம் எவ்வளவு, கார்டு எது, டிஸ்கில் எவ்வளவு இடம் என்று பெட்டி போடுகிறீர்கள். அதில் ஆன்டி-சீட் எது, லினக்ஸில் அனுமதி உண்டா என்று ஒரு வரி சேருங்கள். விளையாடியவர்களின் அனுபவம் புரோட்டான்டிபி என்ற இணையதளத்தில் கேம் வாரியாகக் கிடைக்கும், விமர்சகருக்குப் பெரிய வேலை இல்லை. ஆன்லைன் கேம் என்றால் அந்த வரியை அவ்வப்போது திருத்தவும் வேண்டியிருக்கும். ஒரு அப்டேட்டில் எல்லாம் மாறிவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்