டிராமைக் கண்டுபிடித்தவருக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

சென்னை நாளையொட்டி, ஆகஸ்ட் 22 தொடங்கி மூன்று நாள் சிந்தாதிரிப்பேட்டையில் நாங்கள் வைத்த பழைய மதராஸ் படக் கண்காட்சிக்காகப் பீரோவையும் பரணையும் குடைந்து படங்கள் தந்த அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி புளியந்தோப்பு அம்மாவுக்கு. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த அவருடைய அப்பா, கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் படம். உள்ளங்கை அகலம்தான். 1985 மே 30 தீயில் கடையும் சரக்கும் போயின. வீட்டில் இருந்ததால் படம் பிழைத்தது. அதை இரவில் எங்களிடம் விட்டுப்போக அவருக்கு மனம் வரவில்லை. காலையில் வேட்டித் துணியில் சுற்றி மஞ்சள் பையில் கொண்டுவருவார், மாலையில் எடுத்துப்போய்விடுவார். எங்களுக்குச் சற்று மனத்தாங்கல்தான். இரண்டாம் நாள் இரவு மழையில் கூரை ஒழுகி நான்கு படங்கள் நனைந்த பிறகு வாயை மூடிக்கொண்டோம். நனைந்தவை நல்லவேளையாக நகல்கள். நடுராத்திரியில் தனியாளாகப் பலகைகளை நகர்த்திய காவலாளி அண்ணன் இல்லையென்றால் மற்றவையும் போயிருக்கும்.

அடுத்து, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பாரிமுனைப் படமொன்றின் பின்புறம் பென்சிலில் 1958 என்றிருந்தது; நாங்களும் அப்படியே எழுதி ஒட்டிவிட்டோம். ஐயா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பது டிராம்தானே தம்பி? 1953 ஏப்ரலில் நின்றுபோன வண்டி 58இல் எங்கிருந்து வந்தது?" ஒரு மாதமாக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த படம் அது! சென்ட்ரல் பக்கத்து மத்திய சிறை 2006இல் இடிக்கப்பட்டதாக எழுதியதையும் திருத்தினார். அது கைதிகளைப் புழலுக்கு மாற்றிய ஆண்டு. கட்டடம் இடிபட்டது 2009இல். பிழை பிடித்த கையோடு எங்களுக்குக் காப்பியும் வாங்கிக் கொடுத்தார்.

ஆல்பப் பசையில் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காமல் பக்கத்தோடு நகலெடுத்து, காகிதச் செலவு மட்டும் வாங்கிக்கொண்ட ஸ்டுடியோக்காரருக்கும் நன்றி.

எல்லாப் படங்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம், ஒன்றைத் தவிர. 1983இல் எரிந்துபோன பழைய ஸ்பென்சர் கட்டடத்தின் முன்னால் ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கிறார் ஓர் இளைஞர். படத்தின் பின்புறம் ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைச் சொல்பவரிடம் படத்தைக் கொடுத்துவிடுகிறோம்.