திட்டம் முடிந்த பிறகு போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறு விவசாயிகளுக்கான உதவித் திட்டங்களைப் பெரும்பாலும் பணம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மதிப்பிடுகிறார்கள். உரமும் விதையும் மலிவாகக் கிடைக்கும் வருடத்தில் விளைச்சல் கூடாமல் என்ன செய்யும்?

ஆப்பிரிக்க நாடான மலாவியையே எடுத்துக்கொள்வோம். 2005-ல் வறட்சியால் மக்காச்சோளம் பொய்த்துப்போனதும், அரசு உரத்துக்கும் விதைக்கும் மானியக் கூப்பன் கொடுத்தது. விளைச்சல் ஏறியது, 2007-ல் ஜிம்பாப்வேக்கு ஏற்றுமதியே நடந்தது. உலகமே பாராட்டியது. சரி, அப்புறம்? உரத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதற்கு டாலர் வேண்டும். 2022-ல் உர விலை எகிறியபோது திட்டம் தள்ளாடியது. மட்கு குறைந்துபோன மண்ணில் யூரியாவை மட்டும் கொட்டினால் முழுப் பலன் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

உதவி நின்று மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும். விவசாயி கைக்காசு போட்டு அந்த விதையை வாங்குகிறாரா? பம்ப் பழுதானால் யார் சரிசெய்கிறார்கள்? பாசனக் குழு இன்னும் சந்தா வசூலிக்கிறதா, இல்லை பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டதா? முடிந்த திட்டத்தைத் திரும்பிப் பார்க்க நிதி கிடைப்பது அரிது. அந்தச் செலவைத் தொடக்கத்திலேயே தனியாக எடுத்துவைக்காத திட்டங்களுக்கு ஒப்புதலே தரக்கூடாது என்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்