ஜனவரி 23-ஐ விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் ‘வரலாற்றில் இன்று’ பகுதியில் தினமும் போர், படுகொலை, விபத்து. நல்லதே நடக்கவில்லையா என்ன?

நான் இன்சுலின் போட்டுக்கொள்பவன். எனக்கு ஜனவரி 23 பெரிய நாள். 1922-ல் டொரண்டோ மருத்துவமனையில் சர்க்கரை நோயாளியான 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு 11-ம் தேதி போட்ட முதல் இன்சுலின் ஊசி சரிப்படவில்லை. மருந்தில் கசடு, ஊசி போட்ட இடத்தில் கட்டி. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் அதைச் சுத்திகரித்துக் கொடுக்க, 23-ம் தேதி போட்டதில் சர்க்கரை மளமளவென இறங்கியது. சாகக் கிடந்த பையன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையையோ ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். (மருந்துக்கடை ரசீதைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.)

அப்புறம், பெரியம்மை ஒழிந்ததாக 1980-ல் அறிவித்த மே 8 வரப்போகிறது. அதையாவது போடுங்கள்.

நீண்டநாள் வாசகர்