திருவனந்தபுரத்தில் குடியேறும் மகளுக்கு

மக்களே,

கழக்கூட்டத்தில் வீடு அமைந்ததில் எனக்கு நிம்மதி. ஆனால் "இங்கே டீ குடிக்கப் போனாலும் அரசியல்தான் அம்மா, எதைச் சொல்ல, எதை விட என்றே தெரியவில்லை" என்று கேட்டாயே, அதற்குப் போனில் பதில் சொல்லி முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லையிலிருக்கிற களியக்காவிளையைத் தாண்டினால் நம் கூட்டணிக் கணக்கு செல்லாது. 2019, 2021, 2024 மூன்று தேர்தலிலும் தமிழ்நாட்டில் காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், முஸ்லிம் லீக் எல்லாம் தி.மு.க.வோடு ஒரே மேடையில் நின்றன. கேரளத்தில் காங்கிரசும் லீக்கும் யு.டி.எஃப். என்று ஓர் அணி, கம்யூனிஸ்டுகளான சி.பி.எம்.மும் சி.பி.ஐ.யும் எல்.டி.எஃப். என்று எதிர் அணி. 1957-ல் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததையும் 1959-ல் அது கலைக்கப்பட்டதையும் இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் வாதிடுகிற குடும்பங்கள் அங்கே உண்டு. "எல்லாரும் ஒரே கூட்டணிதானே" என்று நீ விளையாட்டாகச் சொன்னாலும் இரண்டு பக்கத்துக்காரருக்கும் வலிக்கும்.

போதாததற்குத் திருவனந்தபுரம் மும்முனைப் போட்டி நடக்கிற ஊர். 2024-ல் காங்கிரசின் சசி தரூர் பா.ஜ.க.வின் ராஜீவ் சந்திரசேகரை வென்றது சுமார் 16,000 வாக்கில்தான், சி.பி.ஐ.யின் பன்னியன் ரவீந்திரன் மூன்றாவது வந்தார். கேரளச் சட்டசபைக்குப் பா.ஜ.க. முதல் முதலாக ஆள் அனுப்பியதும் இந்த மாவட்டத்து நேமத்திலிருந்துதான், 2016-ல். ஆகவே பெயரையோ சாதியையோ சபையையோ வைத்து ஒருவர் என்ன கட்சி என்று ஊகிக்காதே. ஒரே வீட்டில் மூன்று கட்சிக்கும் ஆள் இருக்கும்.

ஊகிக்காமல் கண்ணால் பார். டீக்கடை பெஞ்சில் என்ன பத்திரிகை கிடக்கிறது? தேசாபிமானி என்றால் சி.பி.எம்., ஜனயுகம் சி.பி.ஐ., வீக்ஷணம் காங்கிரஸ், சந்திரிகா லீக், ஜன்மபூமி ஆர்.எஸ்.எஸ்., பா.ஜ.க. பக்கம். மனோரமாவும் மாத்ருபூமியும் எல்லா இடத்திலும் கிடக்கும், அவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பெஞ்சில் ஒரே பத்திரிகைதான் இருக்கிறது என்றால் அங்கே வந்து உட்காருகிறவர்கள் யார் என்று புரிந்துவிடும். இதற்காகவாவது மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகு. பேச்சு உனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் சுவரெழுத்தும் சங்க நோட்டீசும் வார்டு அறிவிப்பும் வாசிக்கத் தெரியாதவரைக்கும் பாதி விஷயம் உனக்கு வராது.

உன் அரசியலை நீ ஒளிக்க வேண்டாம். அதேநேரம் வந்த மாதமே கடைவிரிக்கவும் வேண்டாம். கேட்டால் உண்மையைச் சொல்: "மார்த்தாண்டத்தில்தான் வோட்டு போட்டுக்கொண்டிருந்தேன், இங்கத்திய விஷயம் இப்போதுதான் படிக்கிறேன்." பிறகு நீ கேள்வி கேள். இந்த வார்டு கவுன்சிலர் யார், மழைத்தண்ணீர் ஏன் இந்த முக்கில் தேங்குகிறது, அதற்கு யார் என்ன செய்தார்கள் என்று. அந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்வதில் அலுப்பே வராது. ஒவ்வொருவரிடமும் அவரவருக்குப் பிடித்ததைச் சொல்லித் தலையாட்டுவதுதான் பெரிய ஆபத்து. டீக்கடையில் இருப்பவரே குடியிருப்போர் சங்கத்திலும் இருப்பார், அவர் மருமகன் உன் ஆபீசில் இருப்பான். இரண்டு இடத்தில் இரண்டு பேச்சு பேசினால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பிறகு எந்தக் கட்சிக்காரரும் உன்னை நம்ப மாட்டார்.

கூப்பிடுவதில் கவனமாக இரு. சேட்டா, சேச்சி எல்லாருக்கும் பொருந்தும். ஆபீசுகளில் சார், மேடம். சகாவு, அதாவது தோழர், என்பதைக் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் இருப்பவர்கள் சொல்லட்டும். நீ விளையாட்டாகச் சொன்னால் கேலி என்று நினைப்பார்கள்.

இனி சாமான் இறக்குகிற விஷயம். புதிதாகப் போகிறவர்கள் முதல் நாளே தடுமாறுவது இங்கேதான். அங்கே சுமை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளர்களுக்கு 1978-ஆம் வருடச் சட்டம் என்று தனிச் சட்டமே இருக்கிறது. பகுதி பகுதியாக சி.ஐ.டி.யு., ஐ.என்.டி.யு.சி., பி.எம்.எஸ்., ஏ.ஐ.டி.யு.சி. என்று தொழிற்சங்க ஆட்கள் இருப்பார்கள். டெம்போ வாசலில் நின்ற பிறகு கூலி பேசாதே, அப்போது விலை அவர்கள் கையில். இரண்டு நாள் முன்னதாக வீட்டுக்காரரிடம் அந்தப் பகுதிச் சங்க ஆள் யார் என்று கேட்டு, பிரிட்ஜ், கட்டில், அலமாரி, பெட்டி எத்தனை, எந்த மாடி என்று சொல்லி மொத்தத் தொகை பேசிக்கொள். மாடி ஏற்றுவதைச் சொல்லாமல் விட்டால் அன்றைக்கே தகராறு. கூலி விகிதப் பட்டியல் தொழிலாளர் அலுவலகத்தில் உண்டு, கேட்டு வாங்கி வைத்துக்கொள். பேக்கர்ஸ் கம்பெனி மூலம் அனுப்பினால் இறக்குக் கூலியும் சேர்த்துத்தானா என்று எழுதி வாங்கு.

உன் வீட்டுச் சாமானை நீயும் சிநேகிதிகளும் இறக்கிக்கொள்ளலாம், உனக்கு வேண்டிய ஆளையும் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் சொந்த வீட்டுத் தேவைக்கு அமர்த்துகிற ஆள் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்குக் கேட்கிற நோக்குகூலியை 2018 மே 1 முதல் அரசே தடை செய்திருக்கிறது. யாராவது கேட்டால் சத்தம் போடாதே. "ரசீது தருவீர்களா" என்று மட்டும் கேள். மீறினால் உதவித் தொழிலாளர் அலுவலருக்கோ போலீசுக்கோ புகார் கொடு. ஆனால் உழைக்க வந்தவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதே. அந்தச் சங்கங்கள் வருவதற்கு முன்னால் சுமை தூக்கியவர்களுக்கு வயதான காலத்தில் ஒன்றுமே இருந்ததில்லை. இன்று அவர்களுக்கு நலநிதி வாரியம் இருப்பது போராடிப் பெற்றது. இதை மனதில் வைத்துப் பேசினால் உன் குரலிலேயே தெரியும்.

வசூலுக்கு வருவார்கள், அங்கே பிரிவு என்பார்கள். கட்சி மாநாடு, கோயில் உற்சவம், சர்ச் பெருநாள், வாசகசாலை ஆண்டு விழா. எல்லாருக்கும் ஒரே தொகை என்று நீயே முடிவு செய்துவிடு. நூறு ரூபாய் போதும். ரசீது வாங்கு. ஒருவருக்கு ஐந்நூறும் இன்னொருவருக்கு ஐம்பதும் கொடுத்தால் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஹர்த்தால், அதாவது கடையடைப்பு, பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பந்த் சட்டவிரோதம் என்று 1997-லேயே கேரள உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 2019-ல் உத்தரவிட்டது. இருந்தும் சில சமயம் முந்தின ராத்திரிதான் தெரியவரும். அரிசி, மாத்திரை, கேஸ் எப்போதும் ஒரு வாரத்துக்கு இருப்பு வை.

நீ தமிழச்சி என்று தெரிந்ததும் முல்லைப்பெரியாறு அணைப் பேச்சு வரும், கட்டாயம் வரும். உணர்ச்சிவசப்படாமல் பேச எண்கள் தெரிந்திருக்க வேண்டும். 1886-ல் 999 வருடக் குத்தகை, 1895-ல் அணை முடிந்தது. முழு மட்டம் 152 அடி. பாதுகாப்புக் கவலையால் 1979-ல் 136-க்குக் குறைத்தார்கள். பலப்படுத்திய பிறகு 142 வரை தேக்கலாம் என்று 2014 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறார்கள். அதேபோல அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் மழை ராத்திரியில் தூங்காமல் இருக்கிறவர்களின் பயமும் பொய்யல்ல. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவளை யாரும் விரட்டமாட்டார்கள். நம் விளவங்கோட்டு வயல்களுக்கு வரவேண்டிய நெய்யாறு இடதுகரைக் கால்வாய்த் தண்ணீர் 2004-லிருந்து நின்றுபோனது அங்கே பலருக்குத் தெரியவே தெரியாது. அதை நீ பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய கேரள ஆஸ்பத்திரிக் கழிவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிக் கேரளாவே திரும்ப அள்ளிக்கொண்டு போனதும் அப்படித்தான். கோபமாகச் சொல்லாதே, நடந்ததை நடந்தபடி சொல்.

உறவு வளர்க்க நல்ல இடம் குடும்பஸ்ரீ, கேரள அரசின் பெண்கள் சுயஉதவிக் குழு அமைப்பு. 1998-ல் தொடங்கியது, வீட்டுக்கு ஒரு பெண் என்று பத்திலிருந்து இருபது பேர் சேர்ந்தது ஓர் அயல்கூட்டம். 18 முதல் 40 வயதுப் பெண்களுக்கு 2021-லிருந்து துணைக் குழுக்களும் உண்டு, உனக்கு அது சரியாக இருக்கும். வாடகைக்கு இருப்பவர்களைச் சேர்ப்பார்களா என்று பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் கேள். தேர்தல் வந்தால் கட்சிகளின் கண் அதன்மேல் இருக்கும், மற்ற நாளில் கடனும் கறிவேப்பிலையும்தான் பேச்சு.

கடைசியாக வோட்டு. வாரம்தோறும் வீட்டுக்கு வந்தாலும் நீ வழக்கமாக வசிக்கிற இடம் இனி அதுதான், வாக்காளர் பட்டியலில் பெயரை அங்கே மாற்றிவிடு. அதற்குப் படிவம் 8. படிவம் 6 புதிதாகச் சேர்கிறவர்களுக்கானது. பலர் அதையே நிரப்பி இரண்டு ஊரிலும் பெயர் இருக்கும்படி விட்டுவிடுகிறார்கள். அதில் வேறெங்கும் பெயர் இல்லை என்று உறுதிமொழி இருக்கிறது, பொய்யானால் ஒரு வருடம் வரை சிறை என்று சட்டம். இன்னொன்று: மாநகராட்சித் தேர்தலுக்கான பட்டியல் தனி, அது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கையில். சட்டசபைப் பட்டியலில் பெயர் வந்தால் அதில் தானாக வராது, தனியாக மனுப் போட வேண்டும். வார்டுத் தேர்தல் 2025 டிசம்பரில்தான் நடந்தது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, எனவே இதற்கு அவசரமில்லை. படிவம் 8-ஐத்தான் தள்ளிப்போடாதே. பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் முகவரிச் சான்றாகும். பத்திரத்தில் வெறும் கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே, பதிவுச் செலவில் பாதியை நீ ஏற்றுக்கொள்.

அன்புடன்,
அம்மா
மார்த்தாண்டம்