செயலாளர் அறிக்கை: வலயக் கல்விப் பணிமனையிடம் ஆசிரியர் ஆளணி விபரம் கேட்ட ஆண்டு

தலைவர் அவர்களே, போசகர் ஐயா அவர்களே, நிர்வாக சபையினரே, சனசமூக நிலைய அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பொதுக்கூட்டம் முன்னர் இரண்டு தடவை கூட்டப்பட்டு, இரண்டு தடவையும் நிறைவெண் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. இன்று மூன்றாம் தடவை. மழைக்குள்ளும் வந்திருப்பவர்களுக்கு முதல் நன்றி. வராதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

தைப்பொங்கலும் சரஸ்வதி பூசையும் வழமைபோல நடந்தன. டெங்கு ஒழிப்புச் சிரமதானம் இரண்டு செய்தோம். வாசிகசாலைக்குப் பத்திரிகைகள் தடையின்றி வந்தன. கார்த்திகை மழையில் மைதானத்தில் வெள்ளம் நின்றதால் விளையாட்டு விழா நடைபெறவில்லை. மாலை வகுப்பு ஆண்டு முழுவதும் நடந்தது.

அந்த மாலை வகுப்பில்தான் இந்த ஆண்டின் பெரிய வேலை தொடங்கியது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் விஞ்ஞானக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். தவணை தொடங்கி ஏழு கிழமை. கொப்பியில் இரண்டு பக்கம்தான் எழுதியிருந்தது. மற்றப் பிள்ளைகளின் கொப்பிகளும் அப்படியே. பெற்றோரைக் கேட்டால் "ரீச்சர் இல்லை" என்றார்கள். மேலே, வலயக் கல்விப் பணிமனையில் விசாரித்தால் "ஆளணியில் ஆள் இருக்கினம்", அதாவது பாடசாலைக்கு ஒதுக்கிய ஆசிரியர் பதவிகளில் ஆள் உண்டு, என்ற பதில் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 மாசி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. எங்கள் நிலையம் அதை ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை. வீதிக்கும் குளத்துக்கும் மகஜர் எழுதியே பழகியவர்கள் நாங்கள். மகஜருக்குப் பதில் தருவதும் தராததும் அவர்கள் விருப்பம். தகவல் விண்ணப்பத்துக்கு அப்படியில்லை. அதற்குப் பதில் தரத் தவணை உண்டு, தராவிட்டால் மேன்முறையீடு உண்டு. இதை நிர்வாக சபையில் முன்வைத்தவன் நான். சரி பிழை இரண்டுக்கும் பொறுப்பு என்னுடையதே.

முதல் விண்ணப்பம் பிழைத்துப் போனது. "எமது பாடசாலைக்கு ஏன் விஞ்ஞான ஆசிரியர் இல்லை? எப்போது நியமிப்பீர்கள்?" என்று எழுதியிருந்தேன். காரணம் சொல்வதும் வாக்குறுதி தருவதும் இந்தச் சட்டத்தின் வேலை அல்ல. பணிமனையின் கையில் ஏற்கனவே உள்ள பதிவைத்தான் கேட்க வேண்டும். திரும்பி வந்த கடிதத்தைப் பார்த்த பின்னரே சட்டத்தை முழுமையாக வாசித்தேன். இரண்டாம் விண்ணப்பத்தில் மூன்றே விடயம் கேட்டோம். பாடசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணியைப் பாட வாரியாகக் காட்டும் பிரதி. தற்போது அந்த ஆளணியில் சம்பளம் பெறுவோரின் எண்ணிக்கையும் பாடமும். அவர்களில் தற்காலிக இணைப்பில் வேறிடத்தில் கடமையாற்றுவோர் இருப்பின், அதற்கான கடிதங்களின் பிரதி, பெயர் மறைத்து. தனிப்பட்ட விபரம் என்று சொல்லி மறுக்க இடம் வைக்கக்கூடாது என்பதற்காகப் பெயர் கேட்கவில்லை. எங்களுக்கு எந்த ஆசிரியரோடும் கோபம் இல்லை. பிள்ளைகளின் முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இனி, விண்ணப்பம் ஏன் நிலையத்தின் பெயரில் போகாமல் என் பெயரில் போனது என்ற விடயம். சந்தியிலும் கோயில் வீதியிலும் இதைப் பற்றிப் பேச்சு நடந்தது எனக்குத் தெரியும். செயலாளர் தன் பெயரை எடுப்பதற்காகச் செய்கிறார் என்றும் சொல்லப்பட்டது. சபை முன் விளக்கம் தருவது என் கடமை.

இந்தச் சட்டத்தின்படி தகவல் கேட்கும் உரிமை இலங்கைக் குடிமக்களுக்கு உரியது. ஒரு சங்கமும் கேட்கலாம். ஆனால் அதன் அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதோர் குடிமக்களாக இருக்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் 112 பெயர்கள். அதில் 31 பேர் கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் என்று இருக்கிறார்கள். 28 பேருக்கு மேல் குடியுரிமை மாறியிருந்தால் நிலையம் அந்த வரையறைக்கு வெளியே போய்விடும். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர் குடிமகனே. மற்றவர்களின் நிலை எங்களுக்குத் தெரியாது. 31 பேருக்கும் செய்தி அனுப்பினேன். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். ஆறு பேர் பார்த்தும் பதில் போடவில்லை. மற்றவர்களின் இலக்கங்கள் மாறிவிட்டன.

ஊரில் இருப்பவர்களின் கணக்கும் தெளிவில்லை. யாப்பின்படி இரண்டு ஆண்டு சந்தா கட்டாதவர் அங்கத்துவம் இழப்பார். அந்த விதியைக் கண்டிப்பாகப் பார்த்தால் இந்த வாசிகசாலையில் தினமும் பத்திரிகை படிக்கிற பலரே அங்கத்தவர்கள் அல்லர். தளர்த்திப் பார்த்தால் இறந்தவர்களும் அங்கத்தவர்களாக நிற்கிறார்கள். யார் அங்கத்தவர் என்று எங்களுக்கே உறுதியில்லாதபோது, நிலையத்தின் பெயரில் விண்ணப்பித்து அதையே காரணம் காட்டி நிராகரிக்கவிட எனக்கு மனம் வரவில்லை. நான் ஒரு குடிமகன். ஆகவே என் பெயரில் போட்டேன். பதிவுத் தபால் செலவும் என் கைப்பணம். அதை நிலையத்திடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

விண்ணப்பத்தை மாசிக் கடைசியில் நேரில் கொண்டுபோனேன். "உங்களுக்கு உது என்னத்துக்கு ஐயா?" என்று கேட்டார்கள். விண்ணப்பிப்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்பது சட்டத்திலேயே இருக்கிறது, பணிவாகச் சொன்னேன். எழுத்தில் ஏற்புச் சீட்டுத் தர வேண்டும் என்றும் சொன்னேன். தரவில்லை. வெளியில் வந்து அதே விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போட்டேன். அந்தத் தபால் பற்றுச்சீட்டுத்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தர வேண்டும். சனி, ஞாயிறு, போயா, சிவராத்திரி எல்லாம் கழித்து நாட்காட்டியில் எண்ணினேன். பதில் இல்லை. அடுத்த 14 நாட்களுக்குள் முதல் மேன்முறையீட்டைக் கேட்கச் சட்டப்படி குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு எழுதினேன். அவருக்கு மூன்று கிழமை அவகாசம். சித்திரைப் புத்தாண்டும் போனது; பதில் இல்லை. அடுத்த படி கொழும்பில் உள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழு. அதற்கு இரண்டு மாத அவகாசம் உண்டு.

அந்த இடைவெளியில்தான் எதிர்ப்புக் கூடியது. "தம்பி, உதுகளைக் கிளறினால் பள்ளிக்கூடத்துக்குத்தான் கூடாது, உள்ளதையும் எடுத்துப்போடுவாங்கள்" என்று ஒரு பெரியவர் வீட்டுக்கே வந்து சொன்னார். அவருடைய பயம் உண்மையான பயம். எங்கள் ஊரில் அலுவலகத்தோடு முரண்பட்டு நல்லது கண்டவர்கள் குறைவு. நிர்வாக சபைக் கூட்டத்தில் இதைப் பேசக் கூப்பிட்டேன். பதினொருவரில் நான்கு பேர் வந்தார்கள். வராத ஏழு பேரில் மூவர் பின்னர் "எங்களைக் கேட்காமல் செய்தார்" என்று சொன்னதாக அறிந்தேன். கூட்ட அறிவித்தலில் அவர்கள் இட்ட கையொப்பம் கோவையில் இருக்கிறது.

ஆணைக்குழுவுக்கான மேன்முறையீட்டில் தபால் பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்து அனுப்பினேன். விசாரணைக்கு நாள் குறிக்குமுன்பே ஆனி மாதத்தில் பணிமனையிலிருந்து அழைப்பு வந்தது. மொத்தம் 38 பக்கம். 2017 கட்டண விதிப்படி முதல் நான்கு பக்கம் இலவசம், மிகுதிக்குப் பக்கம் 2 ரூபா. 68 ரூபா கட்டினேன். ஐந்து மாத அலைச்சலுக்கு அரசாங்கம் என்னிடம் வாங்கிய கட்டணம் அவ்வளவுதான்.

அந்த 38 பக்கத்தில் இருந்தது இதுதான். அங்கீகரித்த ஆளணி 14. ஏட்டில் 12 பேர். அவர்களில் இருவர், விஞ்ஞானம் ஒருவர் ஆங்கிலம் ஒருவர், நகரப் பக்கத்துப் பாடசாலைகளில் தற்காலிக இணைப்பில். "தற்காலிகம்" என்று எழுதிய கடிதங்களில் ஒன்றுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. ஏட்டில் எங்கள் பிள்ளைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர் இருந்தார், வகுப்பில் இல்லை. ஏட்டில் இருந்தபடியால் வெற்றிடம் என்று காட்டப்படவும் இல்லை, புதிய நியமனத்துக்கு வழியும் இல்லை.

பிரதிகளைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் கொடுத்தோம். அவர்கள் பெற்றோருடன் போய்க் கதைத்தார்கள். அடுத்த தவணையில் ஆங்கில ஆசிரியர் திரும்பி வந்துவிட்டார். விஞ்ஞானத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஆனால் இணைப்பில் போனவர் எங்கள் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டு அந்த இடம் வெற்றிடமாகக் காட்டப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து எவரையும் எவரும் எடுத்துப்போடவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவு சென்ற ஆண்டிலும் குறைவு, செலவு ஏறக்குறைய அதேயளவு, மின்சாரக் கட்டணம் நிலுவையில்லை. சந்தா நிலுவைதான் பெரிது. சந்தா ஓர் ஆளுக்கு மாதம் 50 ரூபா. வெளிநாட்டு அன்பர் ஒருவரின் நன்கொடை வராவிட்டால் கூரைத் திருத்தம் நடந்திராது.

போசகர், தலைவர், பொருளாளர், கிராம அலுவலர், பிரதேச சபையினர், மாலை வகுப்பு ஆசிரியர்கள், வாசிகசாலையைத் திறந்து பூட்டும் அம்மா ஆகியோருக்கு நன்றி. சட்டப் பிரிவுகளை விளங்கப்படுத்திய ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஐயாவுக்குத் தனியாக நன்றி.

வரும் ஆண்டு பற்றி. பாடசாலையின் வடக்குப் பக்கக் கட்டடம் லிண்டல் மட்டத்தோடு பாதியில் நிற்கிறது. அதன் மதிப்பீடு, ஒப்பந்தம், கொடுப்பனவு ஆகியவற்றின் பிரதிகளுக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். சட்டம் வந்த பின் உருவான பதிவுகளை 12 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இந்தக் கட்டடத்தின் தாள்கள் அந்தக் காலத்துக்குள் வருபவை. இந்த விண்ணப்பம் என் பெயரில் போகாது. நிலையத்தின் பெயரில் போக வேண்டும், அல்லது இந்தச் சபையில் இருக்கும் இன்னொருவர் கையொப்பமிட வேண்டும். நான்கு ஆண்டு இந்தப் பதவியில் இருந்துவிட்டேன். இளையவர் ஒருவர் முன்வந்தால் முதல் மூன்று மாதமும் அவரோடு கூட இருந்து எழுதித் தருவேன்.

நிலையத்தின் பெயரில் போவதென்றால் பதிவேடு திருந்த வேண்டும். அதற்கு ஒரு பக்கப் படிவம் அடித்திருக்கிறேன்: பெயர், முகவரி, குடியுரிமை, கடைசியாகச் சந்தா கட்டிய மாதம். வெளிநாட்டில் உறவினர் இருப்பவர்கள் அவர்களுக்கும் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். படிவங்களும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் வாசலில் பத்திரிகை மேசையில் இருக்கின்றன. கூட்டம் முடிந்து ஒரு மணித்தியாலம் பொருளாளர் அங்கே இருப்பார்.

இவ்வண்ணம்,
செயலாளர்