மடித்து வைத்த பெட்டிகள்

அன்புள்ள மகளுக்கு,

வீடு மாறப் போகிறாய் என்று நேற்று போனில் சொன்னதிலிருந்து எனக்குப் பெட்டி நினைப்பாகவே இருக்கிறது. "பரண்ல இருக்கிற அட்டைப்பெட்டி எல்லாம் இன்னுமா வச்சிருக்கீங்க, தூக்கிப் போடுங்கப்பா" என்றாய். போட மாட்டேன் கண்ணு. ஏன் என்று அப்போது சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்த வாரம் உனக்கே உதவுகிற விஷயமும் இதில் இருக்கிறது.

உனக்கு நாலு வயது இருக்கும்போது நம் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது. நாங்கள் எல்லோரும் ஃபிரிட்ஜைச் சுற்றி நின்றோம். நீ அது வந்த பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாய். ஜன்னல் வேண்டும் என்றாய். மூன்று பக்கம் மட்டும் கத்தியால் கீறினேன். நாலாவது பக்கம் கீல் மாதிரி மடங்கியது. அந்த ஜன்னலைத் திறந்து "யாரு?" என்று கேட்பாய், நான் பதில் சொல்வதற்குள் மூடிவிடுவாய். முதல் வாரம் அது வீடு. அப்புறம் கப்பல். அப்புறம் ஆஸ்பத்திரி, உன் பொம்மைகள் வரிசையாக அதற்குள் படுத்திருந்தன. சுவர் தொய்ந்து ஒரு பக்கம் சாய்ந்த பிறகும் விடவில்லை, பாயாக விரித்து அதன்மேல் படுத்தாய். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்தில், காலம் கடந்து நின்ற விளையாட்டுப் பொருட்களைத் தேர்ந்தெடுத்து வைக்கிற ஓர் அருங்காட்சியகம் உண்டு. 2005-இல் வெறும் அட்டைப்பெட்டியை அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு உன் ஜன்னல்தான் கண்ணுக்குள் வந்தது.

இப்போது உன் பக்கத்தில் ஏதாவது பெட்டி இருந்தால் அதன் ஓரத்தைக் கத்தரித்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார். இரண்டு தட்டைத் தாள், நடுவில் அலை அலையாக ஒரு தாள். அவ்வளவுதான். அலைக்குள் இருப்பது காற்று, அதனால் கனமில்லை; அடி பட்டால் அந்தக் காற்று இடைவெளிதான் முதலில் வாங்கிக்கொள்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் அலைகள் செங்குத்தாக நிற்கும்படி செய்திருப்பார்கள். ஒவ்வொரு சுவரிலும் நூற்றுக்கணக்கான சின்னத் தூண்கள் நிற்பதாக நினைத்துக்கொள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலும் தாங்குவது இதனால்தான். இந்த அலைத்தாள் பெட்டிக்காகப் பிறந்ததே இல்லை. 1856-இல் இங்கிலாந்தில் தொப்பிக்கு உள்ளே வைக்கிற தாளாக இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1871-இல் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் கண்ணாடிப் பாட்டில்களைச் சுற்றி வைக்க இது உதவும் என்று கண்டுகொண்டார்.

மடிக்கிற பெட்டி வந்த கதை இன்னும் அழகு. நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் கெயர் என்பவர் காகிதப் பை தயாரித்துக்கொண்டிருந்தார். 1879-இல் ஒருநாள், பையில் மடிப்புக் கோடு போட வேண்டிய இரும்புப் பட்டை இடம் மாறிப்போய்ப் பைகளை வெட்டித் தள்ளிவிட்டது. பைகள் பாழ். ஆனால் வெட்டுவதையும் மடிப்புக் கோடு போடுவதையும் ஒரே அழுத்தில் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. தட்டையாக அனுப்பி, வேண்டும்போது நிமிர்த்திக்கொள்ளும் பெட்டி அப்படித்தான் பரவியது. மரப்பெட்டியும் தகரப்பெட்டியும் காலியாக இருந்தாலும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் நிற்கும். அட்டைப்பெட்டியோ வேலை முடிந்ததும் தாளாகிப் படுத்துவிடுகிறது. பரணில் நான் வைத்திருக்கும் முப்பது பெட்டியும் சேர்ந்து ஒரு மெத்தை கனம்கூட இல்லை.

தகரத்தைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதே. அம்மாவின் பட்டன் டப்பா ஞாபகம் இருக்கிறதா? மூடியின் ஓரத்தில் பெயின்ட் போய், கட்டைவிரல் வைக்கிற இடம் மட்டும் பளபளவென்று இருக்கும். நகத்தால் நெம்பினால் "டப்" என்று ஒரு சத்தம். உள்ளே யானைத் தந்த நிறத்தில் நாலு துளைப் பட்டன்கள், உன் பள்ளிச் சட்டையில் மிஞ்சிய ஒற்றை நீலப் பட்டன், துருப்பிடித்த ஊசி குத்திய நூல்கண்டு. உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பெட்டிகள் வசதிதான். ஆனாலும் திறந்தால்தான் தெரியும் என்கிற அந்த ஒரு நொடியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நம் தமிழைப் பார், பெட்டியை விடவே இல்லை. தீப்பெட்டி, தபால் பெட்டி, ஓட்டுப்பெட்டி. ரயிலில் மனிதர்கள் ஏறி உட்காரும் இடமும் பெட்டி. பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டால் பெட்டிச் செய்தி. வாலைச் சுருட்டிக்கொண்டவன் பெட்டிப்பாம்பு. சின்னதென்றால் சிமிழ், செப்பு, டப்பா, பெரியதென்றால் பேழை. கிளம்பினால் பெட்டி படுக்கையோடுதான் கிளம்புகிறோம். பின்லாந்தில் பிறக்கப் போகும் குழந்தைக்கே அரசாங்கம் ஒரு பெட்டி கொடுக்கிறது, 1938-லிருந்து. உடுப்பும் போர்வையும் வைத்து வரும். அவற்றை எடுத்துவிட்டு அடியில் இருக்கிற மெத்தையில் குழந்தையைப் படுக்க வைக்கலாம். ஒரு பெட்டிக்கு இதைவிடப் பெரிய வேலை கொடுத்தவர்கள் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். புத்தகங்களைச் சின்னப் பெட்டியில் போடு, தலையணையையும் போர்வையையும் பெரிய பெட்டியில் போடு. எல்லோரும் இதை மாற்றிச் செய்துவிட்டுப் படிக்கட்டில் திண்டாடுவார்கள். அடிப்பக்கம் நடுக்கோட்டில் மட்டும் டேப் ஒட்டினால் போதாது, இரண்டு ஓரங்களிலும் ஒட்டு. மேலே இடம் காலியாக விடாதே. கசக்கிய தாளையோ துணியையோ திணித்து நிரப்பு, இல்லாவிட்டால் அடுக்கும்போது மூடி உள்ளே அமுங்கும். பெட்டியின் பலம் மூலைகளில் இருக்கிறது, அதனால் மூலைக்கு நேராக மூலை வரும்படி அடுக்கு. என்ன இருக்கிறது என்பதை மூடியில் எழுதாதே, பக்கவாட்டில் எழுது. அடுக்கிய பிறகு மூடி யார் கண்ணுக்கும் தெரியாது. முதல் ராத்திரிக்கு வேண்டியது எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கட்டும்: சார்ஜர், சோப்பு, மாற்றுத்துணி, கத்தரிக்கோல், மாத்திரை. அதைக் கடைசியாக ஏற்று, முதலில் இறக்கு.

இன்னொன்று, இது என் வருத்தம். நாங்கள் ஒருமுறை வீடு மாறியபோது புகைப்படப் பெட்டியை வெறும் தரையில், சுவரை ஒட்டி வைத்தேன். ஈரம் ஏறியது தெரியவில்லை. தூக்கும்போது அடி அப்படியே கழன்று விழுந்தது. உன் அத்தையின் கல்யாணப் படங்களில் பாதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பிரிக்கப் பிரிக்க முகங்கள் உரிந்து வந்தன. அட்டைக்கு ஈரம்தான் எமன். கீழே ஒரு பலகையாவது போட்டு வை.

பரணிலிருந்து உன் பெட்டி ஒன்றை எடுத்து அனுப்புகிறேன். செருப்பு வந்த பெட்டி, மூடியைச் சுற்றிப் பச்சை நூல் கட்டியிருக்கிறாய். மேலே "அப்பா அம்மா திறக்கக் கூடாது" என்று உன் கையெழுத்து. "கூடாது"வில் கால் போட மறந்திருக்கிறாய். ஆட்டினால் உள்ளே ஏதோ உருள்கிறது. நாங்கள் திறக்கவில்லை.

அதை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் தாள் திணித்திருக்கிறேன். அந்த வெளிப்பெட்டி நல்ல பெட்டி, இரட்டை அலை போட்டது. தூக்கிப் போட்டுவிடாதே. டேப்பை மெதுவாகக் கீறி எடுத்து, மடித்து, கட்டிலுக்கு அடியில் வை. அடுத்த தடவை வரும்போது நான் எடுத்துப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா